ஞாயிறு நட்டக் கணக்கில் வராது

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ராமநாதபுரம் கடலோரத்தின் வருமானம் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ஒரு வரி: “ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத பழக்கத்தால் கிறிஸ்தவ மீனவர்களுக்கு ஆண்டுக்கு 52 நாள் வீணாகிறது.” எழுதிய தம்பிக்குப் பெருக்கல் நன்றாக வருகிறது. கடல் கணக்குதான் வரவில்லை.

பாக் ஜலசந்தியில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பிரித்து வைத்திருப்பது தாங்கள் அறியாததல்ல. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதற்கு மேல் காற்று, புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், இலங்கைக் கடற்படை பிடித்துப்போன படகு. இதெல்லாம் போக எந்த ஞாயிறுகளை அவர் எண்ணினார்? நட்டம் எண்ணுவது என்று இறங்கிவிட்டால், டாஸ்மாக் வாசலில் விழுந்து கிடந்து மறுநாள் படகுக்கு வராதவர்களையும் எண்ணியிருக்கலாம். அது அரசாங்கத்துக்கு வரவு என்பதால் விட்டுவிட்டார் போலிருக்கிறது.

நான் தங்கச்சிமடத்தில் கருவாடு போட்டுப் பிழைப்பவள். என் வீட்டுக்காரர் நாட்டுப்படகுத் தொழில் செய்தவர்; காலமாகிப் பல வருடம் ஆகிறது. அவர் இருந்தபோது ஞாயிறு கடலுக்கு இறங்கியவனை ஊர்க்கூட்டத்தில் நிறுத்தி அபராதம் போட்டதைப் பார்த்திருக்கிறேன். இன்று அபராதமும் இல்லை, கேட்பாரும் இல்லை. போகிறவன் போகிறான். ஞாயிறன்று மீன் வரத்து குறைவு, அதனால் வியாபாரியும் கூட்டியே கொடுக்கிறார். அந்த விலை தெரிந்தும் வலையைத் தொடாமல் பூசைக்குப் போகிறவர்தான் தங்கள் நிருபருக்கு வீணாய்ப்போனவர். நானும் ஞாயிறு மீன் எடுப்பதில்லை. என் உப்புத் தொட்டி காய்ந்துவிட்டதே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தது இந்தக் காரலையும் நெத்திலியையும் காயப்போட்டுத்தான்.

ஊர் கெடவில்லை என்று சாதிக்க இதை எழுதவில்லை. கெட்டதை உங்கள் நிருபரைவிட நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். ஒருநாள் இரவு ஒருவர் வந்தார். நம்ம ஆள்தான், கழுத்தில் செபமாலை. “அக்கா, நாலு மூட்டை. ஒரு ராத்திரி மட்டும் உங்க கொட்டகையில கிடக்கட்டும்” என்றார். என்ன மூட்டை என்று நான் கேட்கவில்லை. அவித்துக் காயவைத்த கடல் அட்டையின் வாடை கருவாட்டுக்காரிக்குத் தெரியாதா? 2001-லிருந்து பிடிக்கத் தடை. எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் தருவதாகச் சொன்ன பணம், சின்ன மகளின் பிரசவத்துக்கு அந்த மாதம் எனக்குத் தேவையாகவும் இருந்தது.

அவருக்கு வேறு கொட்டகை கிடைத்தது. இப்போது மாடி வீடு, திருவிழாவில் முன்வரிசை நாற்காலி, கோவில் சுவரில் பளிங்குக் கல்லில் உபயதாரர் பெயர். எந்தக் கோவில் என்று சொல்ல மாட்டேன். ‘களவு செய்யாதே’ என்ற ஏழாம் கட்டளையைச் சின்ன வயதில் எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தவர்களும் அந்தக் கல்லைத் திறந்தபோது கைதட்டினார்கள். கஞ்சா, பீடி இலை கடத்தல் என்று இளவட்டங்கள் போகிற போக்கைப் பற்றித் தாங்களே வாரம் தவறாமல் செய்தி போடுகிறீர்கள். நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஊரில் கட்டளையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேரைப் பார்த்தா நட்டம் என்று எழுதத் தோன்றியது?

இந்தக் கரைக்கு இது புதிதும் அல்ல. 1549-இல் வேதாளையில் இத்தாலியிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு கிரிமினாலி சாமியாரைக் கொன்றார்கள். ராமேசுவரம் போகும் யாத்திரிகர்களிடம் போர்த்துகீசியர் வரி பிடுங்கியதில் மூண்ட சண்டை அது. பிடுங்கியவர்களும் சிலுவை போட்டவர்கள்தான். சனங்களைப் படகில் ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் நின்று உயிரை விட்டவரும் சிலுவை போட்டவர்தான். போர்த்துகலிலிருந்து வந்த குரு, ஓரியூர் அருளானந்தரை எடுத்துக்கொள்ளுங்கள். 1686-இலேயே பிடித்து வதைத்து, ராமநாதபுரம் மறவர் சீமைக்குள் திரும்பி வராதே என்று சொல்லித்தான் விட்டார்கள். லிஸ்பன் வரை போனவர் திரும்பி வந்தார். ஞானஸ்நானம் கேட்ட மறவர் குலத் தலைவர் தடியத்தேவரிடம், ஒரு மனைவி போதும், மற்றவர்களை விட்டுவிடு என்றார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சீமையை ஆண்ட மன்னர் கிழவன் சேதுபதிக்கு உறவுப் பெண். 1693 பிப்ரவரி 4 அன்று தலை போயிற்று. கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார். (விலக்கப்பட்ட அந்தப் பெண்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. எனக்கு அது இன்னமும் உறுத்தல்தான்.) தங்கள் நிருபர் அன்று இருந்திருந்தால், திரும்பி வந்த கப்பல் கூலியை நட்டத்தில் எழுதியிருப்பார்.

பழையதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது. போன வருடம் புனித வெள்ளியன்று ‘இனிய நல்வாழ்த்துகள்’ என்று ஒரு பெரிய மனிதரின் முழுப்பக்க விளம்பரம் போட்டீர்கள். துக்க வீட்டு வாசலில் பட்டாசு கொளுத்தியது போல் இருந்தது. அதற்கு முன்பு தனுஷ்கோடி. எங்கள் மாமனார் வீட்டார் அந்த ஊர்க்காரர்கள். 1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டுபோனது போக மிஞ்சியவர்கள். இடிந்து நிற்கிற கோவிலைத் தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் பேய் நகரம் என்றும், படம் எடுத்துக்கொள்ள அருமையான இடம் என்றும் எழுதினீர்கள். என் மாமனாரும் மாமியாரும் மாலை மாற்றிய இடம் அது. பீடம் இருந்த மேட்டில் செருப்புக் காலோடு ஏறி நின்று படம் எடுக்கிறார்கள் இப்போது. தாங்கள் படித்தவர், நாலும் தெரிந்தவர். தெரிந்தும் விட்டுவிட்டீர்களே என்பதுதான் ஆற்றாமை.

மறுப்புக் கட்டுரையோ வருத்தம் தெரிவிப்பதோ நான் கேட்கவில்லை. அது நடக்காது என்று தெரியும். கட்டுரையோடு வந்த படத்தின் கீழே ‘பாம்பன்’ என்று அச்சாகியிருக்கிறது. படத்தில் இருப்பது தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் கோவில். ஜூலைத் திருவிழாவுக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் எங்களோடு வந்து நிற்கிற கோவில். ஊர்ப் பெயரையாவது சரியாகப் போடலாம். ராமநாதபுரம் பதிப்பில் ஒரு வரித் திருத்தம் வந்தால் போதும். சனிக்கிழமை போட்டால் நல்லது. ஞாயிறு காலையில் எங்களுக்குப் பேப்பர் பார்க்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தங்கச்சிமடம்.