எம்மேப்புக்குள்ளேயே பக்கங்களை நிரப்பிவிடாதீர்கள்

லினக்ஸுக்கு பிசிஐ டிரைவர் எழுதும் குழுக்களுக்கு,

வணக்கம். கார்டின் மெமரியை யூசர் புரோகிராமின் முகவரிகளோடு இணைப்பது எம்மேப். அப்போது ஓடும் டிரைவரின் எம்மேப் கால்பேக்கில், எல்லாப் பக்கங்களையும் உடனே நிரப்பும் ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் என்று ஒரே வரி எழுதி முடித்துவிடும் டிரைவர்கள் ஏராளம். கார்டு ஒருநாளும் அணையாது என்றால் அதில் தப்பில்லை. ரீசெட், டி3 தூக்கம் (கார்டின் மின்சேமிப்பு நிலை), ஹாட்பிளக் (மெஷின் ஓடும்போதே கார்டைச் செருகுவது, கழற்றுவது) இருந்தால் அந்த ஒரு வரியே கண்ணி.

கால்பேக் ஓடும் நேரத்தில் அந்த விஎம்ஏ (எம்மேப் செய்த முகவரிப் பகுதியின் பதிவு) இன்னும் ஐ_எம்மேப் மரத்தில் (ஒரு ஃபைலை எம்மேப் செய்த எல்லா விஎம்ஏ-க்களின் பட்டியல்) சேர்ந்திருக்காது. கால்பேக் திரும்பிய பிறகே கர்னல் சேர்க்கும். பிடிஇ (பக்க அட்டவணைப் பதிவு) நிரம்பியாயிற்று, மரத்தில் பெயர் இல்லை. சரியாக அந்த இடுக்கில் இன்னொரு சிபியுவில் ரீசெட் வந்து, இணைப்புகளை அழிக்கும் அன்மேப்_மேப்பிங்_ரேஞ்சைக் கூப்பிட்டால், அது மரத்தில் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். கார்டின் மெமரியை இயக்கும் கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 1 அணைந்த பிறகும் யூசர் புரோகிராம் கார்டின் மெமரிப் பகுதியான பாரை (BAR) தொடும். படித்தால் எல்லா பிட்டும் 1. சில சர்வர்களில் அந்த எரர் மேலேறி மெஷினையே சாய்க்கும். அணைந்த மெமரியைத் தொடவிட்டதற்காகத்தான் விஎஃப்ஐஓ (கார்டை யூசர் புரோகிராமிடம் ஒப்படைக்கும் லினக்ஸ் டிரைவர்) மீது சிவிஇ-2020-12888 என்ற பாதுகாப்புக் குறை பதிவானது.

எம்மேப்பில் விஎம்_ஐஓ, விஎம்_பிஎஃப்என்மேப் கொடிகளையும் நான்கேச்டையும் (கேச் செய்யாத அமைப்பு) மட்டும் வையுங்கள். நிரம்பாத பக்கத்தைப் புரோகிராம் தொடும்போது ஓடும் ஃபால்ட் ஹேண்ட்லர் அதை நிரப்பட்டும்: ரீட் லாக் எடு, மெமரி இயங்குகிறதா பார், இல்லையென்றால் சிக்பஸ் எரர், இருந்தால் விஎம்எஃப்_இன்செர்ட்_பிஎஃப்என். ஃபால்ட்டுக்குள்ளும் பழைய ரீமேப்பையே போட்டால், ஒரே நேரத்தில் வரும் இரண்டாவது த்ரெட் நிரம்பிய பிடிஇ-யைக் கண்டு பக்-ஆனில் (தவறு கண்டால் கர்னலை நிறுத்தும் சோதனை) விழும். விஎஃப்ஐஓ-வே இப்படி விழுந்து, 2021-ல் திருத்தப்பட்டது.

ரீசெட் பக்கம் ரைட் லாக் முதலில், அன்மேப் அடுத்து, பிட்டை அணைப்பது கடைசி. மாற்றிப் போட்டால் பயனில்லை. அன்மேப் யூசரின் பிடிஇ-யை மட்டுமே அழிக்கும். ஐஓரீமேப் பாயின்டர் (கர்னலின் சொந்த இணைப்பு) வழியே ஐஆக்டல் (யூசர் புரோகிராம் டிரைவருக்கு அனுப்பும் கட்டளை) படிப்பதை அது தடுக்காது, அங்கேயும் ரீட் லாக் வேண்டும். ஆனால் அந்த லாக்கோடு காப்பி_டு_யூசர் கூப்பிடாதீர்கள். ஃபால்ட் பாதையில் எம்மேப் லாக் முதலில், உங்கள் லாக் பிறகு. இங்கே காப்பியே ஃபால்ட் ஆகி எம்மேப் லாக்கைக் கேட்கலாம், வரிசை தலைகீழாகி டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து உறைவது). ஒரு லோக்கல் மாறியில் படித்து, லாக்கை விட்டு, பிறகு காப்பி செய்யுங்கள்.

கேரக்டர் டிவைஸில் ஒவ்வொரு ஐநோடுக்கும் (டிவைஸ் ஃபைலின் கர்னல் பதிவு) தனி மேப்பிங், அதாவது தனி ஐ_எம்மேப் மரம், என்பதும் பலருக்கு மறந்துபோகும். கிராஃபிக்ஸ் டிரைவர்களுக்கான டிஆர்எம் செய்வதுபோல ஓப்பனிலேயே எஃப்_மேப்பிங்கை ஒரே பொது ஐநோடுக்குத் திருப்பிவிடுங்கள்.

சோதனைக்கு, லாக் வரிசைத் தவறைக் காட்டும் புரூவ்_லாக்கிங் போட்ட கர்னல். ஒரு த்ரெட் எம்மேப் செய்து, படித்து, மன்மேப் செய்யும் சுழல். இன்னொன்று சிஸ்எஃப்எஸ் ரீசெட் ஃபைலில் 1 எழுதும் சுழல். பிசிஐ கோர் உங்கள் ரீசெட்_ப்ரிப்பேரை அழைத்த கையோடு கமாண்ட் ரெஜிஸ்டரைத் துடைத்துவிடும். ஆகவே ரைட் லாக்கும் அன்மேப்பும் அந்த கால்பேக்குக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டும், லாக்கை விடுவது ரீசெட்_டன்னில்.