இனி ஞாயிறு முடிவுகள் வராது, மச்சான்

மச்சான்,

பெல்ஜியத்தின் மோல் ஊர்ப் பந்தயத்தில் எங்கள் சைக்கிள் வீரர் வவுட் வான் ஆர்ட் விழுந்ததை நான் உனக்கு அனுப்பவில்லை. 2026 ஜனவரி 2, பனி மூடிய தடம், கணுக்கால் முறிவு, அறுவைச் சிகிச்சை, அத்தோடு அவருக்கு அந்த சைக்ளோகிராஸ், அதாவது சேற்றிலும் மணலிலும் ஓடும் சைக்கிள் பந்தயப் பருவம் முடிந்தது. நீ அன்றைக்கே பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பந்தய முடிவுகளை அனுப்புவதும் அங்கே இரண்டு நீலக் குறி விழுவதும் இனி வேண்டாம் என்று அப்போதுதான் தீர்மானித்தேன்.

கோபமில்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது.

பெப்ரவரி வந்தால் எனக்கு ஃபல்கன்பர்க்தான் ஞாபகம் வருகிறது. 2018, உலகப் பட்டப் போட்டி. அந்தக் குளிர்காலம் முழுக்க ஒல்லாந்துக்காரர் மத்தியூ வான் டெர் பூல் எங்கள் வவுட்டைத் துவைத்து எடுத்திருந்தார். ஐரோப்பியப் பட்டம், உலகக் கிண்ணம், சூப்பர்பிரெஸ்டீஜ் தொடர் எல்லாம் அவருக்கே. ஒல்லாந்து மண்ணில், அவர்களுடைய கூட்டத்துக்கு நடுவில் போய் நின்று அடிவாங்க வேண்டுமா என்று நான் கேட்டேன். நீ பதில் சொல்லாமல் பிளாஸ்கில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

வழக்கம்போல சைக்கிள் மாற்றும் இடத்துக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்றாய். பந்தயம் உண்மையில் அங்கேதான் நடக்கிறது என்பது உன் வாதம். அன்றைக்கு அது சரியாகவே இருந்தது. 33 மில்லிமீற்றருக்கு மேல் அகலமான டயர் போடக்கூடாது என்பது விதி. அந்த ஒல்லி டயர் அந்தக் களிமண்ணில் என்ன செய்யும்? சேறு அப்பிய சைக்கிளைத் தள்ளிவிட்டு, கழுவி வைத்த இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். மேட்டில் எல்லாரும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்காத குறை. வவுட் வான் ஆர்ட் மட்டும் நெல்மூட்டை தூக்கிப் பழகிய ஆள்போல ஒரே சீராக ஏறிக்கொண்டே இருந்தார். ஒரு மணிநேரப் பந்தயத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம்! மைக்கல் ஃபன்தூரன்ஹவுட் இரண்டாவது, மத்தியூ மூன்றாவது. வவுட்டுக்குத் தொடர்ந்து மூன்றாவது உலகப் பட்டம்.

அவர் கோட்டைத் தாண்டிக் கையைத் தூக்கிய நேரம் பார்த்துத்தான் நீ என் காதுக்குள் சொன்னாய், கோடையில் குடும்பத்தோடு லண்டன் போகிறோம் என்று. நான் சொன்னது: "மத்தியூவுக்குக் கால் விட்டுப்போச்சுது போல."

அதை நீ மறக்கவில்லை என்பது தெரியும். மன்னித்துக்கொள் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். எனக்கும் அது முழுதாக வராது. வேறென்ன சொல்லியிருக்க முடியும்? பிள்ளைகளின் படிப்பு, ஆங்கிலம், அண்ணன்மார் எல்லாரும் அங்கே. என்ட்வெர்ப்பில் எங்கள் தெருவிலிருந்தே எத்தனை குடும்பங்கள் போய்விட்டன. போகாதே என்று சொல்ல நான் யார்? அதோடு, பதில் சொல்லவே முடியாத இரைச்சலாகப் பார்த்துத்தானே நீ அதைச் சொன்னாய். காரில் வரும்போது ஒன்றரை மணிநேரம் இருந்தது, அப்போது சொல்லியிருக்கலாம்.

கடை விஷயத்தை இங்கே எழுதமாட்டேன். உன் தங்கையும் இதைப் படிக்கிறாள், என் மனைவி வீட்டாரும் படிக்கிறார்கள். பணம் காரணமில்லை என்று மட்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

நீ வெற்றியைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாய் மச்சான். அதற்குப் பிறகு உலகப் பட்டப் போட்டிகளில் வந்ததெல்லாம் என் தலையில். 2021 ஒஸ்டெண்ட் கடற்கரை மணலில் முன்னால் போய்க்கொண்டிருந்தவருக்கு டயர் காற்றுப் போனது. 2023 ஹோஹர்ஹைடவில் பந்தயம் முழுக்க மத்தியூவோடு ஒட்டிப் போய், கடைசி நேர்ப்பாதையில் தோற்றார். 2025 லியெவாங்கில் நாலாவது வரிசையிலிருந்து கிளம்பி இரண்டாவதாக வந்தார். அதை நான் எவ்வளவு ஆசையாக எழுதி அனுப்பினேன். நீ ஒரு கட்டைவிரல் அனுப்பினாய்.

ஆனால் ஒஸ்டெண்ட் அன்று இரவு நீயாகத்தான் அழைத்தாய். கொரோனா காலம், பார்வையாளர்களை விடவில்லை, நானும் வீட்டில் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். மணலுக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்றே கதைத்துக்கொண்டிருந்தோம். இருமல் இருக்கிறதா, சாப்பாடு சாமான் கிடைக்கிறதா என்று இருவருமே கேட்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்கும் போதும் என்று நினைத்துவிட்டேன்.

வவுட்டின் கால் ஆறிவிடும். அடுத்த நவம்பர் 1 கொப்பன்பெர்க் பந்தயத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் மத்தியூ கட்சி. நீ இங்கே இருந்திருந்தால் இது நடந்திருக்காது.