மலையிலிருந்து இறங்கி வா, அக்கா

அன்புள்ள அக்கா,

மார்பில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே படம், அதுதான் மேமோகிராம், எடுத்துக்கொள் என்று நான் சொன்னதற்கு நேற்று போனில், "காபிப் பழம் பறித்து முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாய். போன வருஷம் மிளகு, அதற்கு முந்தைய வருஷம் பையனின் பரீட்சை. உனக்கு 46 முடிந்துவிட்டது. நீ தயங்குவது எதற்கு என்று எனக்குத் தெரியும். நானும் அதற்காகத்தான் மூன்று வருஷம் தள்ளிப்போட்டேன்.

முதலில் தாலி விஷயம். கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று படம் எடுக்கும் பெண் சொன்னதும் எனக்குக் கை ஓடவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து கழற்றியதே இல்லை. கொடியானாலும் மஞ்சள் கயிறானாலும், படத்தில் விழுந்தால் அதற்குப் பின்னால் இருப்பது மறைந்துவிடும். கேட்டுப் புரிந்துகொண்ட பிறகும் கண் கலங்கியது. கைக்குட்டையில் முடிந்து அத்தையிடம் கொடுத்தேன். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, "போய்ட்டு வா கண்ணு, வீட்டுக்குப் போய் விளக்கேத்திப் போட்டுக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. உன் மாமியாரிடமும் முன்னாலேயே சொல்லிவிடு. கடைசி நிமிஷத்தில் கேள்விப்பட்டால்தான் பெரியவர்களுக்குப் பதறும்.

அன்று காலையில் பவுடர் போடாதே. நான் குளித்துவிட்டு வழக்கம்போல அக்குளில் பூசிக்கொண்டு போய்விட்டேன். வேண்டாம் என்று முன்கூட்டி யாரும் சொல்லவில்லை. பவுடர் துகளும், வியர்வைக்கு அடிக்கும் ஸ்பிரேயில் உள்ள அலுமினியமும் படத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மார்பில் சுண்ணாம்புச் சத்து படிந்திருந்தாலும் அப்படித்தான் தெரியுமாம். ஈரத்துணியால் துடைத்தும் மடிப்பில் ஒட்டியிருந்ததால், எனக்கு ஒரு படத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

புடவையே கட்டிக்கொண்டு வா, ரவிக்கையை மட்டும் கழற்றினால் போதும். வெறும் வயிறு தேவையில்லை, உன் காபியைக் குடித்துவிட்டே கிளம்பலாம். மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரமாகப் பார்த்து நாள் குறி. அப்போது மார்பில் வலியும் கனமும் குறைவாக இருக்கும். படம் எடுப்பது பெண்தானா என்பதையும் நாள் கேட்கும்போதே கேட்டுவிடு, அதில் கூச்சம் வேண்டாம். செலவை நினைத்து யோசித்தால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம், நான் போய்க் கேட்டு வருகிறேன்.

நின்றபடியேதான் எடுப்பார்கள். ஒவ்வொரு மார்பையும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் வைத்து, மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என மொத்தம் நான்கு படங்கள். அழுத்தும்போது வலித்தது. பத்து எண்ணுவதற்குள் தட்டு விலகிவிட்டது. அழுத்தினால்தான் சதை பரவி உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். அந்தக் கதிர்வீச்சைப் பற்றியும் கேட்டாயே, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஏழெட்டு வாரத்தில் தானாக நம் உடம்பில் படும் அளவுதான் அது.

இன்னொன்று, திரும்பக் கூப்பிட்டால் இடிந்து போகாதே. முதல் தடவை என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இருக்காது, அதனால் சந்தேகம் வந்தால் இன்னொரு முறை பார்ப்பார்கள். அப்படிக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. என்னையும் கூப்பிட்டார்கள். நான்கு நாள் சோறு இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வெறும் நீர்க்கட்டி. உன் படத்தையும் ரிப்போர்ட்டையும் பத்திரமாக வை, அடுத்த தடவை அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆனால் அக்கா, கையில் கட்டி ஏதாவது தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளே இழுத்தாற்போல இருந்தாலோ பழம் பறிக்கும் வரை காத்திருக்காதே, உடனே டாக்டரிடம் காட்டு. படம் சரியாக வந்தாலும் கட்டி இருந்தால் அதோடு விட்டுவிடாதே. அப்படி ஏதாவது இருந்து, என்னிடம் சொல்லாமல் மறைத்திருந்தால் இன்றைக்கே போன் பண்ணு.

நாள் குறித்ததும் சொல். முதல் பஸ்ஸைப் பிடித்தால் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் காலையிலேயே வந்துவிடலாம். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிறேன். கைக்குட்டை என்னிடம் இருக்கிறது, உன் கொடியை நான் வைத்துக்கொள்கிறேன்.

உன் தங்கை