36ஆம் வாரத்திலேயே பை கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகாப்புக்குக் காட்டும் கவனத்தில் பாதியையாவது, பிரசவத்துக்கு மருத்துவமனைக்கு எடுத்துச்செல்லும் பைக்கு நம் வீடுகளில் காட்டலாம்.

36ஆம் வாரத்துக்குள் பை வாசலருகே இருக்கட்டும். கிளினிக் தந்த மகப்பேறு அட்டைதான் அதில் முதலில் வைக்க வேண்டியது. ரத்த வகை, எச்.ஐ.வி. சோதனை, ரத்த அழுத்தம் எல்லாம் அதில்தான் இருக்கும். இல்லாவிட்டால் நடுராத்திரியில் எல்லாவற்றையும் மறுபடி கேட்பார்கள். அடுத்து அடையாள அட்டை, பெரிய சானிட்டரி பேட், குழந்தைக்குத் தொப்பி, போர்வை, நாப்கின். பிறந்த குழந்தைக்கு நாளுக்குப் பத்து நாப்கின் போனாலும் வியப்பில்லை. கண்ணாடி வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். விரல் வீங்கினால் மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும்.

வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள், பாட்டி சொன்னாலும் சரி. வயிற்றுப்போக்கில் உடல்நீர் வற்றித் தாய் சோர்ந்துபோவாள்.

முதல் பிரசவமென்றால், ஐந்து நிமிடத்துக்கொரு வலி ஒரு மணி நேரம் நீடித்ததும் கிளம்பலாம். ஆனால் நீர்க்குடம் உடைந்தால், அதுவும் பச்சையாக வந்தால், ரத்தம் போனால், கண் மங்கித் தலைவலித்தால், குழந்தையின் அசைவு குறைந்தால் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்ஸ் எண் 10177; கைபேசியில் 112. இரவில் டாக்சி கிடைக்குமென்று நம்பாமல், அண்டை வீட்டுக் காருக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

பிறப்பை 30 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் வைக்க நல்ல நாள் பார்ப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளவும்.

மகப்பேறு செவிலியர்கள் சிலர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்