மாடிப்படி விளக்கைக் கழற்றிய கதை

லீட்ஸ், இங்கிலாந்து
டிசம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? மாடிப்படி விளக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். போனில் சொல்ல ஆரம்பித்தால் முதல் வாக்கியத்திலேயே "எர்த் பார்த்தியா?" என்று குறுக்கே வருவீர்கள், கதை நகராது. அதனால்தான் எழுதுகிறேன். எர்த் வரும், கொஞ்சம் பொறுங்கள்.

வீடு 1930களில் கட்டியது. இங்கே அது பெரிய வயதில்லை, தெரு முழுக்க அப்படித்தான். செங்கல் சுவர், மேலே ஓடு, ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் ஒரு பரண். இந்த மாதத்தில் காலை 8 மணிக்கு மேல்தான் சூரியன் வருகிறது, மாலை 4 அடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. படிக்கட்டில் ஜன்னலும் கிடையாது. ஆகவே அந்த ஒரு விளக்கு எங்கள் வீட்டில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் எரிகிற விளக்கு.

அதைப் பார்த்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். பித்தளையில் ஐந்து கை, ஒவ்வொன்றிலும் மெழுகுவத்தி வடிவத்தில் 40 வாட் பல்பு, எல்லாம் சேர்ந்து நீளமான சங்கிலியில் தொங்கும். பெரிய கூடத்தில் மாட்டியிருந்தால் அழகுதான். இது தொங்கியதோ படி முடிகிற குறுகலான இடத்தில். உங்கள் மாப்பிள்ளையின் உயரத்துக்கு வாரம் ஒருமுறையாவது நெற்றியில் இடிக்கும். பரண் கதவு கீழ்நோக்கித் திறக்கிற வகை, திறந்தால் நேராகச் சங்கிலியில் போய் மோதும். முன்பு இங்கே குடியிருந்தவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்: சங்கிலியைக் கயிற்றால் ஓரமாக இழுத்துச் சுவர் ஆணியில் கட்டிவிட்டார். பரணுக்குப் போக வேண்டுமானால் கட்டு, வந்ததும் அவிழ். விளக்கை மாற்றுவதைவிட இதுவே சுலபம் என்று எத்தனை வருடம் ஓட்டினாரோ!

இருக்கிற விளக்கைக் கழற்றி அதே இடத்தில் வேறொன்றை மாட்ட இங்கே யாருக்கும் தகவல் சொல்ல வேண்டியதில்லை. புதிய சர்க்கியூட் இழுத்தாலோ, பிரேக்கர் பெட்டியை மாற்றினாலோ, குளியல் தொட்டியை ஒட்டிப் புதிதாக ஏதாவது வயரிங் செய்தாலோதான் 2005-ல் வந்த விதிப்படி முறையாக அறிவிக்க வேண்டும். ஆனாலும் நான் எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிட்டேன். வந்தது ஒரு பெண், என் வயதுதான் இருக்கும்.

உங்கள் சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்குமே, அதை இங்கே எலக்ட்ரீஷியன்கள் நம்புவதில்லை. அதிலுள்ள நியான் பல்பு எரியவில்லை என்பதற்காகக் கரண்ட் இல்லை என்று அர்த்தமில்லை என்கிறார்கள். அவர் முதலில் பிரேக்கரை இறக்கி, வேறு யாரும் ஏற்றிவிடாதபடி அதன்மேல் ஒரு குட்டிப் பூட்டுப் போட்டார். அப்புறம் இரண்டு முனை உள்ள டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார், பிறகு விளக்கில் வைத்தார், மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வைத்தார். நடுவில் டெஸ்டரே செத்திருந்தால்? அதற்காகத்தான் அந்த மூன்றாவது சோதனை. இந்த வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்கும் பிடிக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஒத்துக்கொள்ள மாட்டீர்கள்.

பிரேக்கர் பெட்டி படிக்கட்டுக்குக் கீழே உள்ள அலமாரியில் இருக்கிறது. அதன் கதவில் ஒரு மங்கிய ஸ்டிக்கர்: விளக்கு சர்க்கியூட்டில் எர்த் கிடையாது, எர்த் தேவைப்படும் விளக்குகளை மாட்டக் கூடாது. அவர் அதைப் படித்துவிட்டு மேலே பித்தளை விளக்கைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

நீங்கள் காத்திருந்த இடம் இதுதான், அப்பா. இங்கே 1966-ல்தான் விளக்கு சர்க்கியூட்டுக்கும் எர்த் கட்டாயம் என்று வயரிங் விதியில் சேர்த்தார்கள். எங்கள் வீட்டு வயரிங் அதற்குச் சற்று முந்தியது. சீலிங்கில் விளக்கை இறக்கியபோது அதன் எர்த் வயரை ஒட்ட நறுக்கி டேப் சுற்றி உள்ளே மடித்து வைத்திருந்தார்கள். அதுமட்டுமா? பரண் கதவு இத்தனை காலம் இடித்ததில் சங்கிலி ஆடி ஆடி, அதனூடே போன வயரின் மேல்தோல் ஓரிடத்தில் தேய்ந்து செம்பு எட்டிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் பித்தளை முழுக்கக் கரண்ட்.

கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 30 மில்லியாம்ப். ஆனால் எர்த் இல்லாத உலோகத்தில் கரண்ட் வரும் ஃபேஸ் வயர் பட்டால் ஒன்றுமே நடக்காது, விளக்கு பாட்டுக்கு எரியும். யாராவது தொட்டு, கரண்ட் அவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போனால்தான் ஆர்.சி.டி. விழும். எர்த் இருந்திருந்தால் தொட ஆள் வருவதற்கு முன்பே விழுந்திருக்கும். ஏணியில் நின்று பல்பு மாற்றுகிறவருக்கு ஷாக் உயிரை எடுக்காவிட்டாலும் படிக்கட்டு எடுத்துவிடும்.

ஆகவே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், அவர் அனுப்ப நினைத்திருக்கும் பித்தளைத் தொங்கு விளக்கை அனுப்ப வேண்டாம். வருத்தப்படுவார். வீடு முழுக்க விளக்கு வயரிங்கை மாற்றும்போது மாட்டிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு மாடித் தரைப் பலகைகளைப் பெயர்க்க வேண்டும், அந்த ரகளை இப்போதைக்கு இல்லை.

அடுத்து வயர் நிறம். சீலிங்கில் மூன்று கேபிள் வந்து சேர்ந்தன. இங்கே பழைய முறையில் சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் வயர்), உங்களுக்குப் பழகிய கணக்குதான். ஆனால் சுவிட்சுக்குப் போய்த் திரும்புகிற கேபிளிலும் அதே சிவப்பு, கறுப்புதான் இருக்கும், அந்தக் கறுப்பு நியூட்ரல் இல்லை, சுவிட்ச் போட்டால் ஃபேஸ். கறுப்பையெல்லாம் ஒன்றாக முறுக்கிவிட்டால் சுவிட்சைத் தட்டியதும் ஷார்ட். அதற்கு அடையாளமாக ஒரு ஸ்லீவ் (நிற உறை) போட வேண்டும், யாரும் போட்டிருக்கவில்லை. 2006 ஏப்ரலிலிருந்து புது வேலைக்கெல்லாம் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். நீங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று ஃபேஸாக எண்ணி வளர்ந்தவர். பழைய இங்கிலாந்தும் அப்படித்தான் எண்ணியது. இப்போது நீலம் நியூட்ரல், மூன்று ஃபேஸ் வந்தால் அதில் ஒன்று கறுப்பு! இரண்டு காலத்து வயரும் ஒரே வீட்டில் இருந்தால் நிறத்தை நம்பக் கூடாது, அளந்துதான் பார்க்க வேண்டும்.

பதிலுக்கு என்ன மாட்டினோம் என்றால், சீலிங்கோடு ஒட்டி உட்காரும் வட்டமான பிளாஸ்டிக் எல்.இ.டி. விளக்கு, 18 வாட். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். இரட்டை இன்சுலேஷன், எர்த்தே தேவையில்லை என்பதற்கான குறி. பார்க்க ஒரு தட்டு மாதிரிதான் இருக்கிறது, அழகு என்று சொல்ல மாட்டேன். பரண் கதவு தடங்கலில்லாமல் திறக்கிறது, மாப்பிள்ளை நெற்றி தப்பித்தது.

நடுவில் ஒரு தாமதம். சீலிங்கில் மேடு பள்ளமாக ஒரு பூச்சு, அந்தக் காலத்து நாகரிகம். அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ், தூசி நுரையீரலுக்கு ஆபத்து) கலந்திருக்கலாம் என்று துளை போட மறுத்துவிட்டார். இங்கே கல்நாரை முழுதாகத் தடை செய்தது 1999-ல்தான். துளி சுரண்டி ஆய்வுக்கு அனுப்பி, இல்லை என்று பதில் வந்த பிறகே துளைக் கருவியை எடுத்தார். பழைய விளக்கின் ஓட்டை பெரிது, அதை மறைக்கும் அகலத்தில் புது விளக்கு எடுத்ததால் பூச்சு வேலை தேவைப்படவில்லை.

இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. இது மேலும் கீழும் இரண்டு சுவிட்ச் உள்ள விளக்கு. அணைத்த பிறகும் எல்.இ.டி. லேசாக மினுங்குகிறது, அதுவும் கீழ் சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது மட்டும். மறுபக்கம் தட்டி, மேலே போய் அணைத்தால் சுத்தமாக அணைகிறது. இரண்டு சுவிட்சுக்கும் நடுவே வயர்கள் ஒட்டியே ஓடுவதால் பக்கத்து வயரிலிருந்து துளி கரண்ட் தாவுகிறது, பழைய பல்புக்கு அது போதாது, எல்.இ.டி.க்குப் போதும் என்கிறார் அந்தப் பெண். விளக்கடியில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே அந்தத் துளி கரண்டைத் தன் வழியே கடத்திவிடும் ஒரு சின்னக் கப்பாசிட்டர் போட்டால் சரியாகிவிடுமாம், அடுத்த வாரம் வருகிறார். நீங்கள் எல்.இ.டி. மாட்டிய வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறீர்களா? கப்பாசிட்டர் இல்லாமல் வேறு வழி செய்தீர்களா? அவர் வருவதற்குள் தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
உங்கள் மகள்