கணக்குச் சுவடிகளுக்கு நிதி தேடும் தோழிக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. நல்லபடியாக முடிந்து, இப்போது கண்ணாடியில்லாமலே செய்தித்தாளின் தலைப்புகளைப் படிக்கிறார். உன் மகள் வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்றதும், "அந்தச் சின்னக் குட்டியா?" என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தார். அவளுக்கு எங்கள் இருவரின் ஆசிகளையும் சொல்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓலைச்சுவடி ஆய்வுக்கு நிதி கேட்டு நீ அனுப்பிய விண்ணப்பம் திரும்பி வந்ததில் மனம் வெந்துபோய், "சிற்றூர்க் கல்லூரி ஆசிரியைக்கு யார் பணம் தரப்போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதை நான் ஏற்க மாட்டேன். நீ அனுப்பிய நகலை நிதானமாகப் படித்தேன். முக்கால் பங்கு தமிழகப் பொருளாதார வரலாற்றுக்கே போய்விட்டது. உன் கையில் இருக்கும் பொருள் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. விண்ணப்பக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் அதுவரை பொறுத்திருப்பாரா?

உன்னிடம் இருப்பது சாதாரணப் பொருள் அல்ல. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம் என்ற ஊர்க் கணக்கர், மணியக்காரர் என்ற ஊர்த் தலைவர் ஆகிய பரம்பரைப் பதவிகளை ஒழித்தபோது, நீ பார்த்த அந்த நான்கு குடும்பங்களின் வீடுகளிலும் கணக்குச் சுவடிக் கட்டுகள் கேட்பாரற்றுப் பரணில் தங்கிவிட்டன. எந்த வயலை யார் உழுதார், கண்மாய் மராமத்துக்கு எவர் எவ்வளவு நெல் கொடுத்தார் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. ஒரு மா என்றால் இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னக் குறிகளை ஓலையில் பார்த்ததும் படிக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள். நீ படிக்கிறாய். விண்ணப்பத்தின் முதல் பத்தியே இதுதான். ஓர் ஓலையின் படம், அதன் பெயர்ப்பு, அது எதைச் சொல்கிறது என்று நான்கு வரி. வரலாறு பிறகு வரட்டும்.

நிதி எங்கே கிடைக்கும் என்று தேடும்போது எல்லோரும் அறிவிப்புகளைத்தான் படிக்கிறார்கள். அறிவிப்பைவிட, அந்த நிறுவனம் இதுவரை யாருக்கு, எதற்காகக் கொடுத்திருக்கிறது என்ற பட்டியல்தான் உனக்குப் பயன்படும். பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தை எடுத்துக்கொள். ஆர்கேடியா என்ற அறக்கட்டளையின் பணத்தில் தொடங்கியது. அதன் பட்டியலில் நம் பக்கத்துப் பணிகளே இருக்கின்றன. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அதன் உதவியோடு 1870 முதல் 1940 வரையிலான கிராமப் பஞ்சாயத்துத் தீர்ப்பு ஆவணங்களைத் தேடிப் படம் எடுத்தது. பிறகு 1650 முதல் 1950 வரையிலான தமிழக வேளாண் வரலாற்று ஆவணங்கள். அதற்கும் பிறகு பழைய ஸ்டூடியோக்களின் குடும்பப் புகைப்படங்கள். மூன்றின் சுருக்கங்களையும் படித்துப் பார். வீட்டுப் பரணில் கிடந்த தாள்களை உலகம் மதிக்கும் ஆவணங்களாக எப்படி விவரித்திருக்கிறார்கள் என்பது புரியும். உன் பொருளும் அதே இனம்தான்.

அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, மூல ஆவணம் நாட்டை விட்டு நகராது என்ற விதி. மின்படிகள் இங்கே ஒரு நிறுவனத்திலும் இருக்கும், இணையத்திலும் எவரும் பார்க்கலாம். சுவடியைக் கொடுக்கத் தயங்கும் அந்தப் பெரியவரிடம் இதை முதலில் சொல். முழுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்காதே. எந்த வீட்டில் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று கணக்கெடுக்கும் முன்னோட்டத் திட்டம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீ நிற்கும் இடத்துக்கு அதுதான் பொருந்தும். முதலில் சுருக்கமான விண்ணப்பம், அது தேறினால்தான் விரிவானது.

ஆனால் வெளிநாட்டுப் பணம் என்றால் ஒரு வாசலைத் தாண்டியாக வேண்டும். பணத்தைப் பெறும் நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அனுமதி இருக்க வேண்டும். 2020-இல் வந்த திருத்தம், ஒரு நிறுவனம் பெற்ற பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதையே தடுத்துவிட்டது. முன்பெல்லாம் பெரிய நிறுவனம் வாங்கி, சிறிய கல்லூரிக்குப் பங்கு கொடுக்கலாம். இப்போது அந்த வழி இல்லை. இது உன்னைப் போன்றவர்களுக்கு விழுந்த பெரிய அடி என்றே நினைக்கிறேன். முறைகேட்டைத் தடுக்கிறோம் என்று, ஊர்ப்புறத்தில் உட்கார்ந்து உழைப்பவரின் கையைக் கட்டிவிட்டார்கள். ஆகவே உன் கல்லூரிக்கு அனுமதி இல்லையென்றால், அனுமதி உள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று திட்டத்தைத் தானே நடத்தி, உன்னை அதன் ஆய்வாளராக வைத்துக்கொள்ள வேண்டும். அப்படி ஓர் இடத்தோடு பேசிய பிறகே எழுதத் தொடங்கு.

உள்நாட்டில் இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகமும் வரலாற்று ஆராய்ச்சிக் கழகமும் உனக்குத் தெரிந்தவையே. கல்லூரி அலுவலகத்தில் மத்திய நிதி பெறத் தகுதி தரும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2(எஃப்), 12(பி) அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டு, சான்றின் நகலைக் கையில் வைத்துக்கொள். கடைசி நாளில் அதைத் தேடி அலைவது கொடுமை. அதோடு கணக்கு அலுவலரையும் இப்போதே நண்பராக்கிக்கொள். மத்திய அரசின் பணம் தவணையாக வரும். முதல் தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்தது வராது. அந்தச் சான்றிதழுக்கான 12-ஏ என்ற ஒற்றைப் படிவம் கையெழுத்தாகாமல் மேசையில் கிடந்ததால், உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்த ஆய்வாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

நீ யோசித்திராத ஓர் இடத்தையும் சொல்கிறேன். பெங்களூரில் இந்திய கலை அறக்கட்டளை என்று ஒன்று 1993 முதல் இருக்கிறது. நிறுவனத்தின் துணையில்லாமல் தனியாளாகவே விண்ணப்பிக்கலாம், அதுவும் தமிழிலேயே எழுதலாம். ஆங்கில விண்ணப்பத்தைக் கண்டே பின்வாங்கிய எத்தனை நல்ல ஆய்வாளர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்! அவர்களுக்குக் கலை சார்ந்த ஆய்வுதான் வேண்டும். உன் சுவடிகளில் கோயில் திருவிழாக் கூத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் அளந்த நெல் கணக்கு வருவதாக எழுதியிருந்தாயே, அது முழுமையான தனி ஆய்வு. நிதிக்காகப் பொருளை வளைக்கச் சொல்லவில்லை. சுவடியிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. இல்லாத கேள்வியை ஒட்டவைத்தால் முதல் ஆறு மாதத்திலேயே உனக்குச் சலித்துவிடும்.

லண்டன் போய்க் கம்பெனிக் காலத்து வருவாய் ஆவணங்களைப் பார்க்க சார்லஸ் வாலஸ் அறக்கட்டளை உதவுமா என்று கேட்டிருந்தாய். குறுகிய கால ஆய்வுக்கு அவர்கள் உதவுவது உண்மை. ஆனால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத் தொகுதிகளைப் பார்த்துவிட்டாயா? உன் வட்டாரத்தின் பைமாஷ் என்ற பழைய நில அளவைக் கணக்கைப் பற்றிய கடிதப் போக்குவரத்து அங்கே இருக்கக்கூடும். இங்கே இல்லாதது எது என்று தெரிந்த பிறகு லண்டனுக்கு எழுதினால், உன் விண்ணப்பத்துக்கு வலு கூடும்.

செலவுத் திட்டத்தை மட்டும் திருத்தி எழுது. "இதர செலவுகள்" என்று பெருந்தொகையைப் போட்டிருக்கிறாய், எந்த மதிப்பீட்டாளரும் அங்கேதான் பேனாவை வைப்பார். கேமரா, அதை மேலிருந்து பிடிக்கும் தாங்கி, விளக்குகள், ஒன்றுக்கு இரண்டாக ஹார்ட் டிஸ்க், ஓலையைத் துடைக்க எலுமிச்சைப்புல் எண்ணெய், பஞ்சு, உதவியாளர் ஊதியம், ஊருக்கு ஊர் போகும் பஸ் செலவு என்று பிரித்து எழுது. கருவிகளுக்குக் கடையில் விலைப்புள்ளி வாங்கி இணைத்துவிடு. நான்கு குடும்பங்களிடமும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் தமிழில் இருக்கட்டும், அவர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

"உங்கள் ஆய்வுக்கு நிதி ஒதுக்கப்பட்டுள்ளது, பதிவுக் கட்டணம் அனுப்பவும்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடு. ஆய்வுக்கு நிதி தருகிறவர்கள் உன்னிடம் பணம் கேட்க மாட்டார்கள். எங்கள் நூலகத்துக்கு வரும் மாணவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் இரண்டு பக்கங்களை மாற்றி எழுதியதும் எனக்கு அனுப்பு, சிவப்பு மையால் திருத்தித் திருப்பித் தருகிறேன். ஆயுத பூஜை விடுமுறைக்கு மதுரை வருகிறேன். அங்கிருந்து உன் ஊருக்கு ஒரு நாள் வந்து போகிறேன். அதற்குள் அந்தப் பெரியவரிடம் சொல்லி வை, எதையும் எடுத்துப் போக மாட்டோம், அவர் திண்ணையில் உட்கார்ந்தே பார்ப்போம் என்று.

அன்புடன்,
மங்கை