வெயிலை வீணாக்காதே, செல்வி

அன்புள்ள செல்வி,

தக்காளி பூத்துப் பூத்துக் கொட்டுகிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை, செடியைப் பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஊர்க்கதை அப்புறம், முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பிடுங்கிவிடு. உன் வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை. பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியிலும் சூடு இறங்காமல் இருந்தால் தக்காளிப் பூவின் மகரந்தம் வலுவிழந்துவிடும், பூ பிஞ்சு பிடிக்காமலே காம்போடு உதிரும். மே மாதத்துத் தாம்பரம் மொட்டைமாடியில் நீ எந்த உரம் போட்டாலும் எதைத் தெளித்தாலும் அதுதான் நடக்கும். மழை முடிந்து கார்த்திகை, மார்கழி வாக்கில் அதே பையில் புது நாற்று வை. அப்போது பார், பறித்து மாளாது.

இப்போது அந்தப் பை சும்மா கிடக்க வேண்டாம், கொத்தவரை போடு. நாம் சின்ன வயதில் முகம் சுளித்து ஒதுக்கிய அதே கொத்தவரங்காய்தான். வேரை ஆழமாக இறக்கி ஈரம் தேடிக்கொள்ளும், ஒருநாள் தண்ணீர் தவறினாலும் தாங்கும், விதை போட்டு ஒன்றரை மாதத்தில் காய் பறிக்கலாம். அதோடு வெண்டை, காராமணி, தண்டங்கீரை, கொடிப்பசலை. இவையெல்லாம் வெயிலுக்கென்றே பிறந்தவை. கத்தரியும் மிளகாயும் சுமாராகத் தாங்கும், ஆனால் அக்னி நட்சத்திரத்து உச்சியில் அவையும் பூவைக் கொஞ்சம் உதிர்க்கும், பயப்படாதே. இத்தனை வருஷம் தோட்டம் போட்டு எனக்குப் பட்டது இதுதான்: கோடையில் வெயிலோடு மல்லுக்கட்டி முட்டைக்கோசையும் தக்காளியையும் காப்பாற்றப் பார்ப்பதைவிட, வெயிலுக்குப் பிடித்ததை விதைத்து, சாப்பிட்டது போக மிஞ்சுவதை அதே வெயிலில் காய வைத்து எடுத்துக்கொள்வதுதான் நமக்கு லாபம்.

உன் மாடியில் தண்ணீர் ஊற்றிய மறுமணியே மண் காய்ந்துவிடுகிறது என்றாயே, அதற்குக் காரணம் மேலே இருக்கிற வெயில் மட்டும் இல்லை, கீழே இருக்கிற தளமும்தான். சிமெண்டுத் தளம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும். பையை நேராகத் தளத்தில் வைத்தால் வேர் வெந்துவிடும். நாலு செங்கல் போட்டு அதன் மேல் வை, அடியில் காற்று ஓடட்டும். கறுப்புப் பை இருந்தால் பழைய வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டு. அப்புறம் மூடாக்கு, இதை மட்டும் விட்டுவிடாதே. காய்ந்த இலை, தேங்காய் நார், கரும்புச் சோகை, எது கிடைத்தாலும் மண் தெரியாத அளவுக்கு மூடிவிடு. இங்கே எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் சித்திரை பிறந்ததுமே தண்ணீர் கீழே போய்விட்டது, அரிசி களைந்த தண்ணீரும் காய் கழுவிய தண்ணீரும்தான் செடிக்கு. இந்த மூடாக்கு இல்லையென்றால் அது எந்த மூலைக்கும் போதாது. காலையில் ஆறரைக்குள் ஊற்றிவிடு, சாயங்காலம் தளம் ஆறிய பிறகு வாடின செடிக்கு மட்டும் இன்னொரு தரம். நிழலுக்குப் பச்சை வலை கட்டுவதாக இருந்தால் 50 சதவீதம் நிழல் தருவது போதும், அதற்கு மேல் போனால் வெண்டை ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்து காய்க்காமல் நின்றுவிடும்.

வெண்டை இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிப் பின்னல்போல் தெரிந்தால் அது தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடிக்கு மருந்தில்லை, பிடுங்கி எறிந்துவிடு, மற்றதாவது பிழைக்கும். முன்கூட்டியே மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்றிரண்டு தொங்கவிடு. வேப்பங்கொட்டையை லிட்டருக்கு 50 கிராம் கணக்கில் இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புத் தண்ணீர் கலந்து தெளி. சாயங்காலம் மட்டும் தெளி, வெயில் பட்டால் வேம்பின் வீரியம் போய்விடும்.

பூசணியும் பீர்க்கும் கொடி ஓடுகிறது, காயைக் காணோம் என்று எழுதியிருந்தாய். சூடு அதிகமானால் இந்தக் கொடிகளில் ஆண் பூ கூடுதலாக வரும், பெண் பூ குறையும். உன் மாடிக்குத் தேனீ வருகிறதா என்றும் பார். வராவிட்டால் நீயே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தடவிவிடு. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், சுலபமாகத் தெரியும். பூசணி விடியற்காலையில் விரியும், ஒன்பது மணிக்குமேல் போனால் பயனில்லை. பீர்க்கு அப்படியில்லை, பொழுது சாயும்போதுதான் மஞ்சளாக விரியும், அதற்குச் சாயங்காலம் போ.

சரி, வீட்டுச் செய்தி. இவருக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, நன்றாகத் தெரிகிறதாம், இப்போது மாடியில் வத்தலுக்குக் காக்கை ஓட்டுகிற வேலை அவருடையது. மருமகள் வேலைக்குப் போவதால் சமையல் காலை எட்டு மணிக்கே முடிந்துவிடுகிறது, அது எனக்கும் சௌகரியம்தான், மத்தியானத்தில் அடுப்பு முன்னால் நிற்க வேண்டியதில்லை. புடலங்காயில் பாசிப்பருப்புக் கூட்டு, வெள்ளைப் பூசணி போட்ட மோர்க்குழம்பு, பீர்க்கங்காயைச் சமைத்தால் அதன் தோலில் துவையல். கத்தரிக்காயைச் சுட்டுத் தோலுரித்துத் தயிரில் பிசைந்து, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டுவேன், ராத்திரிக்கு அது இருந்தால் பேரன் வேறு எதையும் கேட்பதில்லை. காலையில் எங்கள் இரண்டு பேருக்கும் பழைய சோறு, இல்லாவிட்டால் கம்மங்கூழ், தொட்டுக்கொள்ள வத்தல்.

வத்தலைப் பற்றித்தான் உனக்கு நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் ஊரும் என் ஊரும் இதில் ஒன்றில்லை. மதுரையில் காற்று வறண்டு கிடக்கும், காலையில் பரப்பினால் சாயங்காலம் பாதி காய்ந்திருக்கும். உங்கள் பக்கம் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறியதும் காற்றில் ஈரம் கூடிவிடும். அதனால் நீ எட்டு மணிக்கெல்லாம் பரப்பிவிடு, நாலு மணிக்குள் உள்ளே எடுத்துவிடு, ராத்திரி வெளியில் விடவே விடாதே. துண்டுகளை என்னைவிட மெலிதாக நறுக்கு. தளத்தில் நேராகப் போடாமல் கயிற்றுக் கட்டிலில் பழைய வேட்டியை விரித்துப் போடு, கீழிருந்தும் காற்று வாங்கிச் சீக்கிரம் காயும். கொத்தவரையும் கத்தரியும் பச்சையாகப் போடக்கூடாது, உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் அரை வேக்காடு வேகவைத்து வடித்துவிட்டுத்தான் காயவைக்க வேண்டும். அந்தக் கொதிதான் காய் கறுத்துப்போவதைத் தடுக்கிறது. சுண்டைக்காயை லேசாக நசுக்கி உப்பு மோரில் ராத்திரி ஊறவிட்டு, பகலில் காயவைத்து, மறுபடி மோரில் போட்டு, மோர் வற்றும்வரை இதையே செய். ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைக்காதே, உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும், ஆறியபின் அடை. மாதம் ஒருமுறை வெயில் காட்டு.

மோர்மிளகாயும் அதே மாதிரிதான். குண்டு மிளகாயாகப் பார்த்து, நுனியில் கீறிவிடு, மோர் உள்ளே இறங்கட்டும். தயிர் புளித்திருக்க வேண்டும், புதுத் தயிரில் செய்தால் வறுக்கும்போது அந்த மணம் வராது. பாத்திரம் அலுமினியமாக இருக்கக்கூடாது, புளிப்பும் உப்பும் சேர்ந்து அதை அரித்துவிடும். மண்சட்டி, பீங்கான், கண்ணாடி, எது இருந்தாலும் சரி.

மாவடு இந்த வருஷம் பங்குனியிலேயே போட்டுவிட்டேன். உன் மகள் மசக்கையில் மாவடு கேட்கிறாள் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், முதல் ஜாடி அவளுக்குத்தான். அவளுக்கு அளவாகக் கொடு, டாக்டர் சொன்னதற்கு மேல் போகவேண்டாம். அடுத்த வருஷம் நீயே போட வேண்டும், அதற்காக முறையை எழுதுகிறேன். காம்பு கொஞ்சம் விட்டுப் பறித்த வடுவாக வாங்கு, காம்பில்லாதது சீக்கிரம் அழுகும். கழுவி ஈரம் போகத் துடைத்து விளக்கெண்ணெய் தடவு, கல்லுப்பையும் வடுவையும் மாற்றி மாற்றி ஜாடியில் அடுக்கு. தினமும் ஒருமுறை குலுக்கிவிடு. உப்பு காய்க்குள்ளிருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும், மூன்று நாலு நாளில் வடு தோல் சுருங்கித் தன் தண்ணீரிலேயே மிதக்கும். அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் எடுத்து அதில் கடுகு, மிளகாய், மஞ்சளை அரைத்து ஜாடியில் திரும்ப ஊற்று. அதற்கப்புறம் ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உன் கொடியில் இருக்கிற வெள்ளரிப் பிஞ்சுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கல்லுப்பு, கொதிக்கவைத்து ஆறவை. பிஞ்சை நுனி வெட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் நெருக்கி அடுக்கி, பூண்டு, மிளகு, ஒரு பச்சைமிளகாய் போட்டு, உப்புத் தண்ணீரை ஊற்று. காய் தண்ணீருக்கு மேலே தலை நீட்டக்கூடாது, அதுதான் இதில் முக்கியம், சின்னக் கிண்ணத்தை வைத்து அமுக்கிவிடு. தயிரைப் புளிக்க வைக்கிற வகைக் கிருமிகள் காயிலேயே இருக்கும், அவற்றுக்கு இந்த உப்பு தாங்கும், கெடுக்கிற கிருமிகள் பலவற்றுக்குத் தாங்காது. குமிழ் வரும், தண்ணீர் கலங்கும், அது நல்ல அறிகுறி. மூடியை இறுக்காதே, காற்று வெளியே போக வேண்டும். குளிர்நாட்டில் இதற்கு வாரக்கணக்கில் ஆகும், நம் கோடையில் மூன்று நாலு நாளில் புளித்துவிடும், அதற்குமேல் வெளியில் வைத்தால் காய் கொழகொழத்துப் போகும், உடனே ஃப்ரிட்ஜுக்கு மாற்று. மேலே மெல்லிசாக வெள்ளை ஆடை படிந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம், பச்சையாகவோ கறுப்பாகவோ ரோமம்போல் பூத்திருந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடு, மனசு கேட்கவில்லை என்று மிச்சம் பிடிக்காதே.

தூத்துக்குடிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பாய், உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருப்பார்கள். அந்த உப்பு விளைவதும் இதே வெயிலில்தான். நாம் வீட்டுக்குள் மின்விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு வெயிலை வைகிறோம், அங்கே பெண்கள் இடுப்பு வளைந்து உப்புத் தண்ணீரில் நின்று வாருகிறார்கள். ஜாடியில் உப்பைக் கொட்டும்போதெல்லாம் எனக்கு அவர்கள் ஞாபகம் வரும். கல்லுப்பு வாங்கும்போது பத்து ரூபாய்க்கு நான் பேரம் பேசுவதே இல்லை.

அண்ணனுக்கு பிபி மாத்திரை கூட்டியிருக்கிறார்கள் என்று நீ கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய், அதுதான் இத்தனைக்கும் நடுவில் மனசில் உறுத்திக்கொண்டிருந்தது. ஒருநாளைக்கு உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, ஒரு டீஸ்பூன் அளவு. மாவடு இரண்டும் மோர்மிளகாய் நாலும் தட்டில் விழுந்தால் அதிலேயே பெரும்பங்கு போய்விடும். அவருக்கு ஊறுகாய் ஜாடியைக் காட்டாதே. ஆனால் வத்தலையே விட வேண்டியதில்லை, கொத்தவரையையும் கத்தரியையும் உப்பில்லாத கொதிநீரில் வேகவைத்துக் காயவைத்துத் தனி டப்பாவில் வை, உங்கள் ஊர் ஈரத்துக்கு இன்னும் மொறுமொறுப்பாகக் காய வேண்டும், அவ்வளவுதான். வத்தக்குழம்பில் போட்டுவிட்டுக் குழம்பின் உப்பைக் குறைத்துக்கொள். மாங்காய் வத்தல் போட்டால் அதன் புளிப்பிலேயே உப்புக் குறைவு தெரியாது.

எலுமிச்சை ஊறுகாய் இப்போது போடாதே, கோடையில் பழம் விலை ஏறிக் கிடக்கும், தோலும் சாறும் அவ்வளவு நன்றாக இருக்காது, ஆடிக்குமேல் பார்த்துக்கொள்ளலாம். ஆடிப்பட்டத்துக்கு அவரையும் பாகலும் விதை எடுத்து வைத்திருக்கிறேன். வேலூர்ப் பக்கம் விளையும் இலவம்பாடி முள்கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த விதை உனக்கு அங்கே கிடைத்தால் எனக்கும் ஒரு பிடி வாங்கி வை, எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை.

தங்கை மகன் அடுத்த வாரம் சென்னை வருகிறான். அவனிடம் மாவடு ஜாடி, கொத்தவரை விதை, சுண்டை வத்தல், உப்பில்லாத கத்தரி வத்தல் கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறேன். ஜாடியை நீயே வைத்துக்கொள், சித்திரைக்குள் உன் பையில் கொத்தவரை விழுந்துவிட்டால் ஆனியில் வத்தல் போட உனக்கு வேண்டியிருக்கும். குழந்தைக்கு என் ஆசியைச் சொல்லு. அண்ணன் பிபி எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது.

உன்,
விஜயா